லிக்விட் குளோரின் கேனில் உண்மையில் எவ்வளவு குளோரின்? நெல்லை வெயிலில் வீட்டு நீச்சல் குளம் பராமரிப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சித்திரை பிறந்தால் திருநெல்வேலிப் பக்கம் வீட்டில் நீச்சல் குளம் வைத்திருப்பவர்களிடம் ஒரு புலம்பல் தவறாமல் கேட்கும். "மாசி வரைக்கும் தினம் ஒரு லிட்டர் ஊத்தினேன், தரை பளிச்சுன்னு தெரிஞ்சுது. இப்பமும் அதே ஒரு லிட்டர்தான் ஊத்துறேன், ஆனா சுவரெல்லாம் பாசி வழுக்குது." இதற்காக மோட்டாரைக் கழற்றிப் பார்ப்பார்கள், பில்டர் மணலை மாற்றுவார்கள், பாசி மருந்து வாங்கிக் கொட்டுவார்கள். மோட்டார் அறை மூலையில் நிற்கும் நீலக் கேனை யாரும் சந்தேகப்படுவதில்லை. அதன் மேல் 10 சதவீதம் என்று அச்சடித்திருக்கிறது, அதனால் உள்ளே இருப்பதும் 10 சதவீதம் என்று நம்பிவிடுகிறோம்.

அந்த எண் கேன் நிரப்பிய நாளுக்கு உரியது. நம் ஊர் வெப்பத்தில் அது வாரத்துக்கு வாரம் இறங்கும். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வீட்டிலேயே சோதித்துத் தெரிந்துகொள்ளலாம். தெரிந்துகொண்டால் மருந்துச் செலவு குறையும், விடுமுறைக்கு வரும் பிள்ளைகளைக் கவலையில்லாமல் தண்ணீரில் இறக்கலாம்.

கேனுக்குள் இருப்பது என்ன

நீச்சல் குளத்துக்கு லிக்விட் குளோரின் என்ற பேரில் விற்பது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். கடைக்காரர்கள் 'ஹைப்போ' என்பார்கள். பெரிய குடிநீர்த் திட்டங்களில் உருளையில் அடைத்து வரும் குளோரின் வேறு. அது அழுத்தத்தில் திரவமாக்கிய வாயு. வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஹைப்போவின் பூர்வீகம் உப்பு. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் குளோரின் வாயுவும் காஸ்டிக் சோடாவும் கிடைக்கும். தூத்துக்குடி உப்பளங்களை ஒட்டிய நம் வட்டாரத்தில் இந்தத் தொழில் புதிதல்ல; ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் இடையில் சாகுபுரத்தில் இப்படிப்பட்ட ஆலை பல பத்தாண்டுகளாக ஓடுகிறது. அந்தக் குளோரினையும் காஸ்டிக்கையும் மறுபடி சேர்த்தால் ஹைப்போ. இளம் பச்சை கலந்த மஞ்சள் நிறம், மூக்கில் ஏறும் வாடை. சீக்கிரம் கெடாமலிருக்க அதில் கொஞ்சம் காஸ்டிக்கை மிச்சம் விட்டுத்தான் தயாரிப்பார்கள். அதனால் அதன் பிஎச் 11-க்கு மேல், பெரும்பாலும் 12, 13 என்று இருக்கும்.

என்ன செய்தாலும் அது நிலையான பொருள் இல்லை. நிரப்பிய நாளிலிருந்தே ஒரு பகுதி குளோரேட்டாகவும் உப்பாகவும் மாறும், இன்னொரு சிறு பகுதி ஆக்சிஜனை விட்டுவிட்டு உப்பாகும். கேனில் திரவத்தின் மட்டம் குறையாது. நிறமும் வாடையும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். உள்ளே வேலை செய்கிற குளோரின் மட்டும் குறைந்துகொண்டே போகும்.

லேபிளில் உள்ள சதவீதத்தைப் படிப்பது

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். குழம்புவது நியாயம்தான், ஏனென்றால் ஒரே திரவத்துக்கு மூன்று விதமாகச் சதவீதம் எழுத முடியும்.

ஒரு லிட்டரில் 125 கிராம் வேலை செய்யும் குளோரின் உள்ள கரைசலை எடுத்துக்கொள்வோம். கன அளவுக் கணக்கில், அதாவது 100 மில்லிக்கு எத்தனை கிராம் என்று பார்த்தால் அது 12.5 சதவீதம். எடைக்கு எடை என்று பார்த்தால், இந்தத் திரவம் தண்ணீரைவிட அடர்த்தியானது, லிட்டர் சுமார் 1.17 கிலோ இருக்கும். அதனால் குளோரின் 10.7 சதவீதம்தான். குளோரினாகச் சொல்லாமல் சோடியம் ஹைப்போகுளோரைட்டாகச் சொன்னால் எண்ணை 1.05-ஆல் பெருக்க வேண்டும், 11.2 ஆகிவிடும். மூன்றும் சரியான எண்கள். ஆனால் ஒரு கடையில் 12.5 என்றும் இன்னொரு கடையில் 10.7 என்றும் பார்க்கிறவர் முதல் கடைச் சரக்குத்தான் வீரியமானது என்று முடிவுகட்டிவிடுவார்.

லேபிளில் 'அவைலபிள் குளோரின்' (வேலை செய்யும் குளோரின்) என்ற சொல்லும், அதன் பக்கத்தில் எடை, கன அளவு இரண்டில் எந்தக் கணக்கு என்ற குறிப்பும் இருக்கிறதா பாருங்கள். எடைக் கணக்காக இருந்தால் சதவீதத்தை அடர்த்தியால் பெருக்கி, பிறகு 10-ஆல் பெருக்குங்கள். லிட்டருக்கு எத்தனை கிராம் என்று வந்துவிடும். கன அளவுக் கணக்கென்றால் 10-ஆல் பெருக்கினால் போதும். ஒன்றுமே எழுதவில்லையா, அப்படியானால் லேபிளைத் தூரப் போட்டுவிட்டுச் சோதனைக்குப் போய்விடலாம்.

இனிமேல் இந்த வழிகாட்டி முழுக்க 'லிட்டருக்கு எத்தனை கிராம்' என்பதைத்தான் அடிப்படையாக வைக்கிறேன். 10 சதவீதம் என்று நான் எழுதினால் லிட்டருக்கு 100 கிராம் என்று பொருள். குளம் எத்தனை லிட்டர் ஊற்றினீர்கள் என்று பார்ப்பதில்லை, எத்தனை கிராம் குளோரின் உள்ளே போனது என்றுதான் பார்க்கிறது.

நம் வெயிலில் எவ்வளவு வேகமாக இறங்கும்

வெப்பம்தான் முதல் எதிரி. 10 டிகிரி கூடினால் ஹைப்போ சிதையும் வேகம் மூன்று, நான்கு மடங்காகிறது. 10 சதவீதக் கரைசல் 25 டிகிரி வெப்பத்தில் பாதியாக இறங்கச் சுமார் 7 மாதம் ஆகும். அதே கரைசல் 35 டிகிரியில் இரண்டே மாதத்தில் பாதியாகிவிடும். கத்திரி வெயில் காலத்தில் தகரக் கூரை போட்ட மோட்டார் அறைக்குள் பகலில் 35 டிகிரியைத் தாண்டுவது சர்வ சாதாரணம். அப்படி ஓர் அறையில் 10-ஆக வந்த கேன் ஒரு மாதத்தில் ஏறக்குறைய 7-க்கு வந்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆலையிலிருந்து மொத்த வியாபாரிக்கு, அங்கிருந்து கடைக்கு என்று வெயிலில் நின்ற நாட்களைச் சேர்த்தால் உங்கள் வீட்டு வாசலில் இறங்கும்போதே அது 10 இல்லாமல் போயிருக்கலாம்.

இரண்டாவது, வீரியம் அதிகமாக இருந்தால் இறங்கும் வேகமும் அதிகம். 15 சதவீதக் கரைசல் 25 டிகிரியில் மூன்று மாதத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் பாதியாகிவிடும். 5 சதவீதக் கரைசல் இரண்டு ஆண்டு தாங்கும். 'இன்னும் வீரியமானது தாருங்கள்' என்று கேட்டு வாங்கி மூன்று மாதம் வைத்திருப்பதில் லாபமே இல்லை. நல்ல சரக்கை வாங்கி உடனே செலவழிப்பதுதான் லாபம்.

மூன்றாவது வெளிச்சம். நேர் வெயில் பட்டால் ஹைப்போ வேகமாகச் சிதையும். வெள்ளை நிறக் கேன் வெளிச்சத்தை உள்ளே விடும், கருநீலக் கேன் ஓரளவு தடுக்கும். நான்காவது உலோகம். செம்பு, நிக்கல், இரும்பு, கோபால்ட் கொஞ்சம் கலந்தாலே ஆக்சிஜன் குபுகுபுவென்று வெளியேறும், கேன் ஊதிக்கொள்ளும். பித்தளைக் குழாய் மாட்டிய பேரலில் ஹைப்போ நிரப்பி வைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

வாங்கும்போது

கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை இல்லை. "அண்ணாச்சி, இந்த கேன் எப்பம் வந்தது? நிரப்பின தேதி போட்டிருக்கா?" என்று கேளுங்கள். தினமும் சரக்கு நகரும் கடை, ஆஸ்பத்திரிகளுக்கும் சாய ஆலைகளுக்கும் கொடுக்கிற கடை என்றால் புதிய சரக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம். கடை வாசலில் வெயிலில் அடுக்கியிருக்கும் கேனை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். உள்ளே நிழலில் இருப்பதைத் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது கிலோவா, லிட்டரா என்பது. பல இடங்களில் ஹைப்போ கிலோக் கணக்கில் விலை பேசப்படுகிறது. 35 கிலோ எடையுள்ள கரைசல் சுமார் 30 லிட்டர்தான் வரும். ஒரு கடையில் 35 கிலோவும் இன்னொன்றில் 35 லிட்டரும் ஒரே விலை சொன்னால் இரண்டும் ஒன்றில்லை.

சில இடங்களில் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, அடர்த்தி சரியாக இருக்கிறது என்று காட்டுவார்கள். அதை நம்பி வீரியத்தை முடிவு செய்ய முடியாது. குளோரின் சிதைந்து உப்பானாலும் அந்த உப்பு அதே திரவத்தில்தான் கரைந்து கிடக்கிறது, அதனால் பாதி வீரியம் போன பிறகும் அடர்த்தி பெரிதாக மாறாது. தண்ணீர் ஊற்றிக் கலப்படம் செய்திருந்தால் மட்டும் ஹைட்ரோமீட்டர் காட்டிக்கொடுக்கும்.

வீட்டிலேயே வீரியம் சோதிப்பது

இந்த வழிகாட்டியின் உயிர்நாடி இந்தப் பகுதிதான். நிதானமாகப் படியுங்கள். நீச்சல் குளம் வைத்திருப்பவர்களிடம் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் சோதனைப் பெட்டியே போதும். துளி விட்டால் மஞ்சளாகும் ஓடிஓ பெட்டியாக இருந்தாலும் சரி, இளஞ்சிவப்பாகும் டிபிடி பெட்டியாக இருந்தாலும் சரி.

அந்தப் பெட்டிகள் குளத்துத் தண்ணீருக்காகச் செய்தவை. 3 அல்லது 5 பிபிஎம் வரைதான் படிக்கும். ஒரு பிபிஎம் என்றால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். கேனில் இருப்பதோ ஒரு லட்சம் பிபிஎம் அளவில். அதை நேரடியாகச் சோதிக்கவே முடியாது. இரண்டு தடவை நீர்த்து, பெட்டி படிக்கும் அளவுக்குக் கீழே கொண்டுவர வேண்டும்.

தேவையானவை: மருந்துக் கடையில் கிடைக்கும் 10 மில்லி சிரிஞ்சு இரண்டு, ஊசி வேண்டாம், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், சுத்தமான பிளாஸ்டிக் வாளி, ஆறு லிட்டர் ஆர்ஓ தண்ணீர், ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. குழாய்த் தண்ணீர் கூடாது. தாமிரபரணித் தண்ணீர் என்றால் மாநகராட்சி ஏற்கெனவே குளோரின் போட்டிருக்கும்; ஆழ்குழாய்த் தண்ணீர் என்றால் அதிலுள்ள இரும்பும் மற்றதும் நாம் விடும் குளோரினைத் தின்றுவிடும். ஆர்ஓ தண்ணீரையும் முதலில் பெட்டியில் சோதித்து, சுழியம் காட்டுகிறதா என்று பாருங்கள்.

முதல் நீர்ப்பு: கேனை மெல்ல அசைத்துவிட்டு, மேலாக இல்லாமல் நடுவிலிருந்து 10 மில்லி ஹைப்போ எடுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் கொஞ்சம் குறைவாக ஆர்ஓ தண்ணீர் வைத்து அதில் இந்த 10 மில்லியை விட்டு, ஒரு லிட்டர் கோடு வரை நிரப்பி, மூடிக் குலுக்குங்கள். கேன் உண்மையிலேயே 10 சதவீதமாக இருந்தால் இப்போது பாட்டிலில் ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் இருக்கும்.

இரண்டாம் நீர்ப்பு: வாளியைத் துளி ஹைப்போ கலந்த தண்ணீரால் ஒருமுறை அலசி, பிறகு நன்றாகக் கழுவுங்கள். அழுக்கு வாளி குளோரினைக் குடித்துவிடும். வாளியில் சரியாக 5 லிட்டர் ஆர்ஓ தண்ணீர் ஊற்றி நிழலில் வையுங்கள். இரண்டாவது சிரிஞ்சால் பாட்டிலிலிருந்து 5 மில்லி எடுத்து வாளியில் விட்டுக் கலக்குங்கள். உடனே பெட்டியில் சோதித்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே வாளியில் இன்னொரு 5 மில்லி விட்டுக் கலக்கி, மறுபடி சோதியுங்கள்.

கணக்கு எளிது. இரண்டாவது எண்ணை 5-ஆல் பெருக்கினால் கேனின் வீரியம். 2.0 வந்தால் 10 சதவீதம். 1.4 வந்தால் 7. 0.8 வந்தால் 4.

இரண்டு தடவை சோதிக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தண்ணீரும் வாளியும் சுத்தமென்றால் இரண்டாவது எண் முதலாவதைப்போல் இரு மடங்காக இருக்கும். முதலில் 0.6, பிறகு 1.6 என்று வந்தால், தண்ணீரோ வாளியோ 0.4 பிபிஎம்மை விழுங்கியிருக்கிறது. அப்போது இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்து 10-ஆல் பெருக்குங்கள். 1.6-இல் 0.6 போக 1.0, கேன் 10 சதவீதம்தான்.

நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். பூச்செடி, சிவப்புச் சுவர் எதுவும் பின்னணியில் வேண்டாம். ஓடிஓ பெட்டி மொத்தக் குளோரினைத்தான் காட்டும் என்று தெரிந்தவர்கள் தயங்கலாம். ஆர்ஓ தண்ணீரில் அமோனியா போன்றவை இல்லாததால் இந்தச் சோதனைக்கு அது ஒரு குறையில்லை. டிபிடி பயன்படுத்துபவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். குளோரின் மிக அதிகமானால் இளஞ்சிவப்பு தோன்றி உடனே மறைந்து, ஒன்றுமே இல்லாததுபோல் தெளிந்துவிடும். அப்படித் தெரிந்தால் நீர்ப்பில் எங்கோ அளவு தவறியிருக்கிறது.

கண்ணால் நிறம் பார்க்கும் முறையில் ஒன்று, ஒன்றரை சதவீதம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும். கேன் 10-ஆ 9-ஆ என்று இது சொல்லாது. 10-ஆ 6-ஆ என்று தெளிவாகச் சொல்லிவிடும். நமக்கு வேண்டியது அதுதான். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் பொட்டாசியம் அயோடைடு, அசிட்டிக் அமிலம், சோடியம் தயோசல்பேட், ஸ்டார்ச் கொண்டு செய்யும் டைட்ரேஷன் இருக்கிறது. வேதியியல் படிக்கும் பிள்ளைக்கு இது பழக்கமான ஆய்வகப் பாடம். பாளையங்கோட்டையில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை.

முடிவு வந்ததும் அழியாத மார்க்கரால் கேன் மேல் தேதியும் சதவீதமும் எழுதுங்கள். வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மற்ற நாட்களில் மாதம் ஒருமுறை திரும்பச் சோதித்து, பழைய எண்ணின் கீழே புதிய எண்ணை எழுதுங்கள். உங்கள் வீட்டு மோட்டார் அறையில் ஹைப்போ எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பது அந்தக் கேன் மேலேயே தெரிந்துவிடும்.

குளத்தின் கொள்ளளவு

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி, வருவதை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர். 24 அடி நீளம், 12 அடி அகலம், ஒரு பக்கம் மூன்றரை அடியும் மறுபக்கம் ஐந்தரை அடியும் ஆழமுள்ள குளத்துக்குச் சராசரி ஆழம் நாலரை அடி. 1,296 கன அடி. ஏறக்குறைய 36,700 லிட்டர். ஆழத்தைத் தண்ணீர் நிற்கும் மட்டம் வரைக்கும் அளக்க வேண்டும், சுவர் உச்சி வரைக்கும் இல்லை. லாரித் தண்ணீர் ஊற்றி நிரப்பியவர்கள் எத்தனை லாரி, ஒவ்வொன்றும் எத்தனை லிட்டர் என்பதை வைத்து இந்தக் கணக்கைச் சரிபார்க்கலாம்.

எவ்வளவு ஊற்றுவது

10,000 லிட்டர் தண்ணீரில் 1 பிபிஎம் ஏற்ற 10 கிராம் குளோரின் வேண்டும். 10 சதவீத ஹைப்போ என்றால் 100 மில்லி. இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மற்ற வீரியங்களுக்கு 1,000-ஐச் சதவீதத்தால் வகுத்தால் மில்லி வந்துவிடும்: 12.5-க்கு 80, 8-க்கு 125, 5-க்கு 200.

மேலே சொன்ன 36,700 லிட்டர் குளத்தை எடுத்துக்கொள்வோம். கோடையில் வெயில், ஆட்கள், தூசி எல்லாம் சேர்ந்து நாளைக்கு 3 பிபிஎம் குறைகிறது என்று வையுங்கள். 110 கிராம் குளோரின் வேண்டும். கேன் 10 சதவீதமானால் 1.1 லிட்டர் ஊற்றினால் சரியாகப் போகும். அதே கேன் 6-க்கு இறங்கியிருந்து, நீங்கள் அது தெரியாமல் 1.1 லிட்டரே ஊற்றினால் உள்ளே போவது 66 கிராம், அதாவது 1.8 பிபிஎம்தான். தினமும் 1.2 பிபிஎம் கடன் விழுகிறது. 3 பிபிஎம்மில் இருந்த குளம் முதல் நாள் 1.8-க்கு வரும், மறுநாள் 0.6, அதற்கடுத்த நாள் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத தண்ணீரில் ஒரு பகல் வெயில் போதும், பாசி வந்துவிடும். தொடக்கத்தில் சொன்ன புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம் இந்தக் கணக்குத்தான். 6 சதவீதக் கேனென்றால் ஊற்ற வேண்டியது 1.8 லிட்டர்.

வீரியம் குறைந்த ஹைப்போ கெட்டுப்போன பொருள் இல்லை. அளவைக் கூட்டி ஊற்றினால் வேலை செய்யும். கூடுதலாக உள்ளே போவது கொஞ்சம் உப்பும் தண்ணீரும். விலையை மட்டும் கிராமில் ஒப்பிடுங்கள்: 35 லிட்டர் கேன் 10 சதவீதமானால் 3,500 கிராம் குளோரின் வாங்குகிறீர்கள், 6 சதவீதமானால் 2,100 கிராம். கேன் விலையை இந்தக் கிராமால் வகுத்துப் பார்த்தால் எந்தக் கடை உண்மையில் மலிவு என்று தெரிந்துவிடும்.

பாசி வந்த பிறகு அதிர்ச்சி மருந்து என்று ஒரே தடவையில் 10 பிபிஎம் ஏற்றும்போது வீரியம் தெரியாமல் ஊற்றினால் இழப்பு இன்னும் பெரிது. இந்தக் குளத்துக்கே 10 சதவீதத்தில் 3.7 லிட்டர், 6 சதவீதத்தில் 6.1 லிட்டர். குறைவாக ஊற்றினால் பாசி பாதி செத்துப் பாதி பிழைக்கும், முழு மருந்தும் வீண்.

ஊற்றும் முறையும், குளத்திலேயே சரிபார்ப்பதும்

சூரியன் இறங்கிய பிறகு ஊற்றுங்கள். ஸ்டெபிலைசர் (வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் மருந்து) இல்லாத தண்ணீரில் உச்சி வெயில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரினுக்கு மேல் அழித்துவிடும். மோட்டாரை ஓடவிட்டு, தண்ணீர் குளத்துக்குள் திரும்பி வரும் வாய்க்கு எதிரே மெல்லிய தாரையாக விடுங்கள். ஹைப்போ தண்ணீரைவிடக் கனமானது. ஓரிடத்தில் கொட்டினால் அடியில் போய்த் தேங்கி, டைல்ஸ் இடுக்குச் சிமென்ட்டையும் லைனரையும் அரிக்கும். காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு இது ரொம்ப முக்கியம். இல்லாவிட்டால் தெறித்தது நேரே கண்ணுக்கு வரும்.

ஊற்றுவதற்கு முன் ஒருமுறை, ஊற்றி மோட்டார் அரை மணி, முக்கால் மணி ஓடிய பிறகு ஒருமுறை குளோரின் பாருங்கள். கணக்குப்படி 2 பிபிஎம் ஏற வேண்டிய இடத்தில் 1.9 ஏறினால் உங்கள் கொள்ளளவு, வீரியம் இரண்டும் சரி. 1.2 மட்டும் ஏறினால், வாளிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அதில் 10 என்றே வந்தால் கோளாறு கேனில் இல்லை. குளத்தில் பாசியோ வேறு அழுக்கோ குளோரினைத் தின்றுகொண்டிருக்கிறது. இந்த இரண்டு சோதனையும் சேர்ந்தால்தான் தப்பு எங்கே என்று பிரித்துச் சொல்ல முடியும்.

பிஎச்சும் ஸ்டெபிலைசரும்

வீரியம் சரியாக இருந்தும் குளோரின் மந்தமாக இருக்க இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று பிஎச். தண்ணீரின் பிஎச் 7.5-ஆக இருக்கும்போது குளோரினில் பாதி, கிருமியைக் கொல்லும் வேகமான வடிவத்தில் இருக்கும். 8-க்கு ஏறினால் அது கால்வாசிக்கும் கீழே போய்விடும். 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் வைத்திருப்பது நல்லது. ஹைப்போ காரமானது என்பதால் ஊற்றும்போதெல்லாம் பின்னாலேயே ஆசிட் விடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது தேவையில்லை. ஊற்றியதும் ஏறும் பிஎச், குளோரின் செலவாகச் செலவாகப் பெரும்பாலும் திரும்பி இறங்கிவிடும். மறுநாள் சோதித்து, உண்மையிலேயே ஏறியிருந்தால் மட்டும் ஆசிட். குளோரின் ரொம்ப அதிகமாக இருக்கும் நேரத்தில் பிஎச் துளி ஊதா நிறம் காட்டி ஏமாற்றும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இன்னொன்று சயனூரிக் அமிலம் என்ற ஸ்டெபிலைசர். திறந்தவெளிக் குளத்துக்கு 30 முதல் 50 பிபிஎம் வரை அது அவசியம், வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும். ஆனால் அது இருக்கும் குளத்தில் குளோரினை 2 பிபிஎம்முக்குக் கீழே விடக் கூடாது. நம் வெயிலுக்கு 3 வைத்துக்கொள்வேன். டிசிசிஏ (டிரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம்) பவுடரோ மாத்திரையோ போடுபவர்கள் ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினோடும் 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் சேர்க்கிறார்கள், அது தானாகக் குறையாது. ஒரு கோடை முழுக்க அதையே போட்டால் தண்ணீரை வெளியேற்றுவதைத் தவிர வேறு வழியிருக்காது. பிளீச்சிங் பவுடர் போட்டால் சுண்ணாம்பு சேரும். ஏற்கெனவே உப்பும் கடினமும் உள்ள ஆழ்குழாய்த் தண்ணீருக்கு அது வேண்டாத சுமை. லிக்விட் குளோரினை நான் முதலில் சொல்வது இதனால்தான். வீரியத்தைக் கண்காணிக்கும் ஒரு வேலையை மட்டும் ஏற்றுக்கொண்டால் மற்றபடி அது விட்டுச்செல்வது சாதாரண உப்பு மட்டுமே.

வைக்கும் இடமும் பாதுகாப்பும்

தட்டட்டியிலும், தகரக் கொட்டகையிலும், மோட்டார் பக்கத்திலும் கேனை வைக்காதீர்கள். காற்றோட்டமான நிழல், குழந்தைகள் கைக்கு எட்டாத இடம்தான் சரி. மோட்டார் அறையில் அதன் ஆவி செம்புக் கம்பியையும் இரும்பையும் அரித்துவிடும். மூடியில் காற்றுப் போக்கி இருந்தால் அதை டேப் போட்டு அடைக்கக் கூடாது. கேன் எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டிய நிலையென்றால், புதிதாக வந்ததும் பாதி ஹைப்போவுக்குப் பாதி ஆர்ஓ தண்ணீர் கலந்து வேறு சுத்தமான பிளாஸ்டிக் கேனில் ஊற்றி வையுங்கள். செறிவு பாதியானால் சிதையும் வேகம் கால்வாசிக்கும் கீழே போகும். ஊற்றும் அளவை இரட்டிப்பாக்க வேண்டும் என்பதைக் கேன் மேல் பெரிதாக எழுதி வையுங்கள். ஆழ்குழாய்த் தண்ணீரை மட்டும் கலக்காதீர்கள், அதிலுள்ள உலோகமே கெடுத்துவிடும்.

இது உயிர் சம்பந்தப்பட்டது, அதனால் அழுத்திச் சொல்கிறேன். ஹைப்போவும் ஆசிட்டும் சேர்ந்தால் அந்த இடத்திலேயே குளோரின் வாயு கிளம்பும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது, ஒரே குவளையில் அளக்கக் கூடாது, ஒன்றை ஊற்றிய கையோடு இன்னொன்றை ஊற்றக் கூடாது. டிசிசிஏவோடும் பிளீச்சிங் பவுடரோடும் ஹைப்போவைக் கலப்பது அதைவிட ஆபத்து, தீப்பற்றலாம், வெடிக்கலாம். வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் இதை அவர்களுக்கு வாயால் சொல்லி, தனித்தனி நிறத்தில் குவளை வாங்கிக் கொடுங்கள். கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும். வாயு வாடை வந்தால் என்ன ஏது என்று குனிந்து பார்க்காமல் காற்று வரும் பக்கமாக விலகி ஓட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயிலும் குறையும், ஆட்கள் இறங்குவதும் குறையும். குளோரின் செலவு பாதிக்கும் கீழே போய்விடும். அந்தச் சமயத்தில் பெரிய கேன் வாங்க வேண்டாம், 5 லிட்டராக வாங்கிக்கொள்ளுங்கள். மழை முடிந்து தை மாதம் குளத்தைத் திரும்பத் தயார் செய்யும்போது பழைய கேனில் மிச்சம் இருந்தால், கொட்டிவிடாமல் வாளிச் சோதனை செய்து பாருங்கள். 3 சதவீதம் வந்தாலும் அளவைக் கணக்கிட்டு அதை முதலில் தீர்த்துவிட்டு, அப்புறம் புதுக் கேனைத் திறக்கலாம்.